சுவருக்கு வெளியே பூஜ்யம்

வண்டிப்பெரியாருக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்தில் ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். நடுச்சுவர்கள் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றுவிடும். அதற்கு மேல் வெறும் இடைவெளி. எங்கள் வீட்டில் மிளகாய் தாளித்தால் பக்கத்து வீட்டு அத்தை தும்முவாள். நான் சத்தம் போட்டுப் படிக்கிறவள். ஆகவே பி.எஸ்சி. குவாண்டம் இயக்கவியலை அத்தையும் என்னோடு படித்தாள், விருப்பமில்லாமல்.

அந்தப் பேப்பரை நம்பித்தான் எல்லாம் இருந்தது. கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. குடும்பத்தில் வேறு யாராவது எஸ்டேட்டில் வேலைக்குப் பேர் பதிந்தால்தான் எஸ்டேட் கொடுத்த வீடு கையில் நிற்கும். அம்மா ஒரே தடவை சொன்னாள்: “பாஸானா மேல படி, வீடு போனாப் போகுது. பெயிலானா பேரக் குடுத்துரு, வீடாவது மிஞ்சும்.”

பெட்டிக்குள் அடைபட்ட துகளைப் பற்றித்தான் பெரிய கேள்வி. சுவர்களின் உயரம் முடிவிலி. அப்படியானால் துகளின் அலை சுவரோடு முடிந்துவிடும், வெளியே பூஜ்யம். ஆசிரியர் இதை ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் சொல்லியிருந்தார். நானோ உயரம் குறைந்த சுவருக்கான கணக்கைப் போட்டு, அலை வெளியே கசிந்து தேய்வதாகப் படமும் வரைந்து வைத்தேன். முடிவிலி என்ற சொல் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. கூரையைத் தொடும் சுவருள்ள வீட்டில் நான் இருந்ததே இல்லை.

பெயில். தோழியிடம் போனில் அதைக் குசுகுசுத்தேன். மாலையில் அம்மா வந்து கொழுந்துக் காட்டுக்கு இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்ப்பதற்குள் சுவருக்கு மேலிருந்து அத்தையின் குரல்: “மதினி, புள்ளய வையாதீக. இன்னொருக்க எழுதட்டும். பேர் குடுக்க இன்னும் நாள் கெடக்குல்ல?”

எனக்கு எரிச்சலாக வந்தது. அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, “சரி, எழுதட்டும்” என்றாள். நானே கேட்டிருந்தால் அந்தச் சரி கிடைத்திருக்காது.

மறுபரீட்சையில் அதே கேள்வி வந்தது. வெளியே பூஜ்யம் என்று எழுதிப் பாஸானேன். அம்மாவும் சொன்ன சொல் மாறாமல், ஓய்வு பெற்றதும் வீட்டை ஒப்படைத்தாள். குமுளியில் ஒரு கான்கிரீட் வீட்டுக்கு வாடகைக்கு வந்தோம்.

வந்த சில நாளில், சமைத்துக்கொண்டிருந்த அம்மா சுவரில் காதை வைத்து நின்றாள்.

“ஏட்டி, அந்தப் பக்கம் ஆளு இருக்கா?”

“இருக்காங்கம்மா.”

“ஒண்ணுமே கேக்கலியே.”

லயத்து வீட்டின் சாவியைக் கொடுத்த அன்றுகூட அழாதவள், அப்போது அழுதாள்.