ரிப்பன் வெட்ட ஆளில்லாத குளிர்கிடங்கு

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் உலக நிறுவனத்தைப் பற்றி எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எரிச்சல் அடங்கவில்லை.

நான் பழனி போகிற பஸ் ஒட்டன்சத்திரம் தாண்டி டயர் வெடித்து நிற்கிறது. ரோட்டோரம் ஒரு புதுக் குளிர்கிடங்கு. பல நாடுகள் சேர்ந்து நடத்தும் நிறுவனம் ஒன்று கட்டிக்கொடுத்தது. உள்ளே மெஷின் ஓடுகிறது. கதவில் பூட்டு, குறுக்கே சிவப்பு ரிப்பன். வாசலில் ஓர் அம்மா தக்காளிக் கூடைகளோடு நிற்கிறார். சந்தையில் இன்று வாங்க ஆளில்லையாம். உள்ளே வைத்தால் பிழைக்கும்.

"தலைமை இயக்குநர் வந்து ரிப்பன் வெட்டோணுமுங்க," என்கிறார் காவலாளி. "பழையவருக்குப் பதவிக்காலம் முடிஞ்சுபோச்சு. நிர்வாகக் குழு புதுசா ஒரு பேரைச் சொல்லோணும். அப்புறம் எல்லா நாடும் சபை கூடி ஓட்டுப் போடோணும். சின்னதோ பெருசோ, நாட்டுக்கு ஒரு ஓட்டுங்க."

"ஏனுங்க, அந்தச் சபையில தக்காளி திங்கறவங்க ஒருத்தருமே இல்லீங்களா?" என்கிறார் அந்த அம்மா.

கூச்சத்தை விட்டு நானும் கேட்கிறேன்: "இங்க இருக்கிற அவங்க ஆபீஸர் வெட்டினா ஆகாதா?"

"அவரு அன்னைக்கே வெட்டறேன்னாருங்க. ஊர்க்கூட்டத்துலதான் தலைமை இயக்குநர் கையாலதான் திறக்கோணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. அதை மேல எழுதி ஒப்புதலும் வாங்கியாச்சு. இனி மாத்தோணும்னா மறுக்கா மேல இருந்துதான் வரோணும்."

அந்த அம்மா என் பக்கம் திரும்பவில்லை. "நானுந்தானுங்க கை தூக்குனேன்," என்கிறார்.

மறுநாள் அதே வழியாகத் திரும்பினேன். கதவு பூட்டியிருந்தது. வாசலில் கொட்டிக் கிடந்த தக்காளியை ஆடுகள் தின்றுகொண்டிருந்தன.