அம்மாவின் கையெழுத்தும் இங்கிலாந்து அம்மையாரின் கேள்வியும்

மன்னிப்பைப் பற்றிப் பாதர் பூசையில் பேசும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன். பக்தியில் இல்லை. அந்த இன்ஸ்பெக்டரின் முகம் ஞாபகத்துக்கு வந்து எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். கூடையில் முற்றல் இலை கிடக்கிறது என்று மலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஒருநாள் சண்டைக்கு வந்தார். அம்மா பதில் பேசினாள். அவர் பிடித்துத் தள்ளினார். பக்கத்துத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து இடது கை முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு பொலிஸுக்குப் போய் நடந்ததைத் தமிழில் சொன்னாள். அந்த இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் எழுதி, பேனாவை நீட்டினார். அம்மா பெருமையாகக் கையெழுத்துப் போட்டாள். கைநாட்டு வைக்கக் கூடாது, கேவலம் என்று சண்டை பிடித்து அந்தக் கையெழுத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

அடுத்த வாரம் காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கிற நேரத்தில், கண்டாக்கு பொலிஸில் வாங்கிவந்த அதன் பிரதியை எல்லாருக்கும் தமிழில் வாசித்துக் காட்டினார். மழையில் தானே வழுக்கி விழுந்தேன், யார் மேலும் முறைப்பாடு இல்லை என்று அம்மாவே சொன்னதாக அதில் இருந்தது. கீழே அம்மாவின் கையெழுத்து. எங்கள் லயத்து வரிசை வீடுகளே சிரித்தன. அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் ‘வழுக்கி’. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும், வாங்கி வாசித்தேன். ஊர் பார்க்க அந்த இன்ஸ்பெக்டரின் மானம் போக வேண்டும், அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். வருடக்கணக்காக வேறெதையும் நான் மாதாவிடம் கேட்கவில்லை.

மாதா அனுப்பியது ஓர் இங்கிலாந்து அம்மையாரை. எங்கள் கோயிலோடு தொடர்புள்ள அங்கத்தைய கோயில்காரர்கள் சிலர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் அவர். தன் மாவட்டத்தில் பொலிஸைக் கவனிக்க மக்கள் ஓட்டுப் போட்டுத் தெரிந்தெடுத்தவராம். பாதர் கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்து அதே இன்ஸ்பெக்டரையும் அழைத்தார். இங்கிலீஷ் ரீச்சர் என்பதால் மொழிபெயர்க்க என்னை நிறுத்தினார்கள். அம்மா முன் வாங்கில் உட்கார்ந்திருந்தாள்.

அம்மையார் தன் வேலையை விளக்கினார். அவர் பொலிஸ் இல்லை. யாரைப் பிடி, யாரை விடு என்று சொல்ல முடியாது. ஆனால் மாவட்டத்துப் பொலிஸ் தலைவரை நியமிப்பவர் அவர். மக்கள் சார்பில் அந்தத் தலைவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். பொலிஸைக் கேள்வி கேட்கச் சம்பளமா என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

பிறகு அவர் இன்ஸ்பெக்டரிடம் திரும்பி, வாக்குமூலம் எழுதியதும் சொன்னவருக்கு அதை வாசித்துக் காட்டுவீர்களா என்று கேட்டார். எப்போதும், அவரவர் மொழியிலேயே, என்றார் இன்ஸ்பெக்டர். என் சிங்களத்தைக் கேட்டு என்னைச் சிங்களப் பெண் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, பாவம். சிரித்த முகத்தோடு என் பக்கம் சாய்ந்து, மெதுவாகச் சிங்களத்தில், இந்தத் தோட்டத்துப் பெண்கள் எதற்கெடுத்தாலும் வந்து நிற்பார்கள், எதையாவது எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவோம், இதை அம்மையாருக்குச் சொல்ல வேண்டாம் மிஸ், என்றார்.

நான் என் வேலையைச் செய்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. முதலில் இங்கிலீஷில். பிறகு மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடித்துத் தமிழில். சொல்ல வேண்டாம் என்று சொன்னதையும் சேர்த்தே சொன்னேன். அவர் முகம் கறுத்ததை ஆசை தீரப் பார்த்தேன்.

அம்மா எழுந்தாள்.

“நான் வழுக்கி விழலைங்க அய்யா. என்னைத் தள்ளுனாங்க. அதத்தான் சொன்னேன். நீங்க வேற எழுதிட்டீங்க.”

அதையும் இங்கிலீஷில் சொன்னேன். இங்கே தனக்கு எந்த அதிகாரமும் இல்லை, கேட்க மட்டும்தான் முடியும் என்றார் அம்மையார். கொப்பியைத் திறந்து பேனாவைப் பிடித்துக்கொண்டு, இவருடைய வாக்குமூலத்தைத் திரும்ப எழுதுவீர்களா, என்றைக்கு, என்று கேட்டார். மண்டபமே இன்ஸ்பெக்டரைப் பார்த்தது. நாளைக் காலை என்றார்.

மறுநாள் தமிழ் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள் எழுத, இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்றார். எழுதி முடித்ததும் பேனாவை அவரே நீட்டினார். அம்மா வாங்கவில்லை.

“மக வாசிக்கட்டும்ங்க.”

வாசித்தேன். இன்னொரு தடவை என்றாள். வாசித்தேன். இன்ஸ்பெக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். அவளுக்கு முதல் தடவையே எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கேட்காமலே மூன்றாவது தடவையும் வாசித்தேன், ஒவ்வொரு சொல்லாக. அதற்குப் பிறகுதான் அம்மா ஆற அமரக் கையெழுத்துப் போட்டாள்.

“பிரதி ஒன்னு குடுங்கய்யா,” என்றாள். “நாளைக்குப் பெரட்டுல வாசிக்கணும்.”