முதுநகரில் ஏறினேன்

மெட்ராஸைச் சுற்றிப் பார்க்கலாம் என்று மகள் கூப்பிட்ட நாளிலிருந்து, ரயிலை விட்டுவிடுவேனோ என்று ஒரே பயம். சிதம்பரத்தில் படிக்கும் அவள் அங்கேயே ஏறிவிடுவாள். நான் கடலூரில் ஏற வேண்டும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். தனியாக ரயிலேறியதே இல்லை. ஒரு மணி நேரம் முன்னாலேயே முதுநகர் ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

வண்டி பரங்கிப்பேட்டையைத் தாண்டியதும் மகள் போன் செய்தாள். முதுநகரில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னேன்.

"ஏம்மா, திருப்பாதிரிப்புலியூர்னுதான சொன்னேன்? அங்கேர்ந்துதான் உனக்கு டிக்கெட் போட்டிருக்கேன்."

நான் சட்டென்று எழுந்துவிட்டேன். "இப்ப பஸ் புடிச்சா வந்துட முடியுமா?"

"வேணாம். வண்டி ரெண்டு கடலூர் ஸ்டேஷன்லயும் நிக்கும், முதுநகர்தான் மொதல்ல வரும். திருப்பாதிரிப்புலியூர் வரைக்கும் ஒரு டிக்கெட் வாங்கிக்கினு ஏறு."

கவுண்டரில் கேட்டேன். "அடுத்த ஸ்டேஷன்தாம்மா. பஸ்லயே போயிருக்கலாமே" என்றார் உள்ளே இருந்தவர்.

"நான் மெட்ராஸ் போறேன் சார்."

சொன்ன பிறகுதான் கவனித்தேன், குரல் நடுங்கவில்லை. வண்டி வந்து நின்றது. வாசலில் நின்ற மகள் கையை நீட்டினாள். நான் கம்பியைப் பிடித்து நானே ஏறினேன்.

அன்று மியூசியம் பார்த்தோம், கடற்கரையில் கால் நனைத்தோம். திரும்பும்போது எழும்பூரில் வரிசையில் நின்று இரண்டு டிக்கெட்டையும் நான்தான் கேட்டு வாங்கினேன்.