கறையக்காவின் பின்னறை

இடது உள்ளங்கையில் மடித்த வெள்ளைத் துணி, வலது விரல்களுக்கிடையே ஈரப் பஞ்சு. சட்டைக் காலரைத் துணிமேல் விரித்து ஒற்றி ஒற்றி எடுக்கிறாள். தேய்ப்பதில்லை. தேய்க்கிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. கறையின் விளிம்பிலிருந்து நடுவுக்கு வரவேண்டும். நடுவில் தொடங்கினால் கறை போகும், சுற்றிலும் வளையம் விழுந்துவிடும். "கறைக்காவது ஒரு காரணம் சொல்லலாம். வளையத்துக்கு என்னன்னு சொல்லுவ?" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களின் காதைத் திருகுவாள்.

சலவைக்கடையில் முப்பத்தோரு வருடம். வெளுப்பதும் மடிப்பதும் மற்றவர்கள் பாடு. இனிப் போகாது என்று வீட்டில் கைவிட்ட கறைகள்தான் இவள் மேசைக்கு வரும். வாடிக்கையாளர்களுக்கு அவள் கறையக்கா. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

எந்தத் துணி வந்தாலும் முதலில் ஒரே கேள்விதான்: "என்ன கறை?" பதில் வராமல் தொடமாட்டாள். ஜனங்கள் கூசாமல் பொய் சொல்வார்கள். துருவைக் காபி என்பார்கள். உதட்டுச் சாயத்தைத் தக்காளி என்பார்கள். "எங்கிட்ட எதுக்குய்யா மறைக்கிறீங்க? நானா வந்து உங்க வீட்டம்மாகிட்ட சொல்லப்போறேன்? உண்மையைச் சொன்னா எடுத்துடலாம். பொய் சொன்னா துணி போயிடும்."

அந்தப் பதிலைத் துணியில் குத்தும் சீட்டில் எழுதுகிறவள் அவள் தங்கை. பொருள், கறை, வயது, குறிப்பு என்று நான்கு வரி. எதற்கும் மசியாத கறையென்றால் குறிப்பில் 'இதற்கு மேல் வேண்டாம்' என்று எழுதுவாள். அப்படிப்பட்ட சீட்டில் வாடிக்கையாளரின் கையெழுத்தை வாங்காமல் துணியைத் திருப்பித் தருவதில்லை. அப்படியே ஏற்றுக்கொண்டேன் என்று அதற்குப் பொருள்.

இருவரும் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டே ஐம்பதைத் தாண்டியவர்கள். ஒன்றரை வருடத்துக்கு முன் தங்கைக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. வாய் விழவில்லை. இடது கையால் எழுதப் பழகி, அன்றன்று கேட்டுவந்த பதில்களை அக்கா சொல்லச் சொல்ல, வீட்டிலிருந்தபடியே கடைச்சீட்டு எழுதுகிறாள். வலது கை இறுகி மூடிக்கொண்டுவிட்டது. விட்டுவைத்தால் நகம் குத்தி உள்ளங்கை புண்ணாகும். ஆகவே தினமும் காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் அந்தக் கையை ஊறவைத்து, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டும். கறையக்கா ஒரு நாளும் தவறியதில்லை.

குடியிருந்தது மூன்றாம் மாடி. மருத்துவரிடம் போகும் நாளெல்லாம் இரண்டு ஆட்கள் தங்கையை நாற்காலியோடு தூக்கி, பீரோவை இறக்குவது போல் படியில் இறக்குவார்கள். ஒருமுறை அவர்கள் வரத் தாமதமானதால் அவளே இறங்கப் பார்த்து ஏழு படி உருண்டாள். "இன்னொரு தடவை விழுந்தா எழுப்ப முடியாதும்மா," என்றார் மருத்துவர். அன்றே கறையக்கா படியில்லாத வீடு தேடத் தொடங்கினாள்.

கிடைத்தது ஒன்றே ஒன்று. சக்கர நாற்காலி நுழைகிற அகலத்தில் வாசல்கள், கைக்கெட்டும் தூரத்தில் குளியலறை. கைக்கு அடங்கிய விலை. தரகர் நல்ல மனிதர், முன்பணம் வாங்குமுன்பே சொல்லிவிட்டார். "பின்னறையில ஒரு சம்பவம் நடந்திருக்கும்மா. நாலு வருஷமாச்சு. அண்ணன் தம்பி. வீட்டுப் பங்குல பேச்சு முத்தி, அண்ணன் கத்தியை எடுத்துட்டான். தம்பி அங்கேயே போயிட்டான்."

"தரை என்ன தரை?" என்றாள் கறையக்கா.

"சிமென்ட்டும்மா."

"சிமென்ட் எல்லாத்தையும் குடிச்சிடுமே. உடனே கழுவினாங்களா? பச்சத் தண்ணியா, வெந்நீரா? ரத்தத்துக்கு வெந்நீர் ஆகாது."

தரகர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, டீ குடித்து வருவதாகப் போனார்.

தங்கையிடம் அவள் சொல்லவில்லை. பழைய வீட்டில் கீழ்த்தளத்துப் பெரியவர் தூக்கத்தில் போய்ச்சேர்ந்ததற்கே ஒரு மாதம் விளக்கை அணைக்க விடாதவள் அவள். இது தெரிந்தால் இந்த வாசலை மிதிக்கமாட்டாள். மிதிக்காவிட்டால் மறுபடி படிதான்.

குடிவந்த நாளிலிருந்து கறையக்காவின் காது வாசலிலேயே கிடந்தது. கேட்டின் தாழ்ப்பாள் அசைந்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். எதிர்வீட்டம்மா பேச வாயைத் திறக்குமுன் "அவ தூங்கறா" என்று விரலை உதட்டில் வைப்பாள். சிலிண்டர் கொண்டுவந்தவர் முகவரியைப் பார்த்து, "ஓ, அந்த வீடா?" என்று உரக்கவே கேட்டுவிட்டார்.

"எந்த வீடு?" என்றாள் உள்ளேயிருந்து தங்கை.

"மூலை வீடான்னு கேக்கறாருடி." தெரு நடுவில் இருக்கும் வீட்டுக்கு மூலை எங்கிருந்து வரும்?

பின்னறையில் பிரிக்காத பெட்டிகளையும் ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலியையும் போட்டுக் கதவைச் சாத்திவைத்தாள். வேலையிருந்தால் நின்றபடி முடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவாள். ஒரு நாளும் அங்கே உட்கார்ந்ததில்லை. ஜன்னலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் பழுப்பாக ஓர் அடையாளம். அது ரத்தம்தானா என்பது அவளுக்கே தெரியாது. ரத்தம் பட்டால் நுரைக்கும் மருந்து ஒன்று கடையில் இருக்கிறது. ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். மருந்துக் குப்பியை இரண்டு முறை பைக்குள் போட்டாள், இரண்டு முறையும் எடுத்து வெளியே வைத்துவிட்டாள். அதற்குப் பதில் தினமும் தங்கை விழிக்குமுன் ஒரு வாளி பச்சைத் தண்ணீரும் பிரஷ்ஷுமாகப் போய் உட்காராமல் குனிந்து நின்று தேய்த்தாள். ஆம், தேய்த்தாள். அதுவும் நடுவிலிருந்து. அறுபது நாள்.

படியில்லாத வீடு வாங்கியதே தங்கை நடக்கவேண்டும் என்றுதான். நடந்தாள். முதலில் கூடம் வரை, பிறகு சமையலறை வரை. ஒரு நாள் கறையக்கா கடையிலிருந்து திரும்பியபோது பின்னறைக் கதவு திறந்திருந்தது. நாலுகால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு ஜன்னலருகே நின்றிருந்தாள் தங்கை.

"அக்கா, இது என்ன?"

"எது?"

"இந்தத் தரை. இங்க மட்டும் பல்லு வெளக்கின மாதிரி பளிச்சுனு இருக்கு."

"பெயிண்ட்காரன் எதையாவது கொட்டியிருப்பான்."

"கொட்டியிருந்தா கறை இருக்கும். இது வளையம். நடுவுலேருந்து தேச்சிருக்க. நீயா இதைச் செஞ்ச? வேற யாராவது செஞ்சிருந்தா காது அவங்ககிட்ட இருந்திருக்குமா?"

கறையக்கா கைப்பையைக் கீழே வைக்கவில்லை.

"என்ன கறை?" என்றாள் தங்கை.

"துரு."

"அக்கா, உண்மையைச் சொன்னா எடுத்துடலாம்."

சொன்னாள், அறை வாசலில் நின்றபடியே. ரத்தமென்று நிச்சயமில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள். இரண்டு மாதம் மூடிவைத்தது இரண்டு நிமிடத்தில் தீர்ந்துபோயிற்று.

"எத்தனை வருஷமாச்சு?"

"நாலு."

"செத்தது சின்னவனா?"

"ம்."

"அப்ப நான்தான் ஜாக்கிரதையா இருக்கணும்." கேலிதான். ஆனால் ஊன்றுகோலைப் பிடித்த விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. "வாங்கறதுக்கு முன்னாடியே உனக்குத் தெரியும்?"

"தெரியும். சொன்னா வந்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

"ஊர்ல இருக்கறவன் கறையையெல்லாம் கேட்டு எழுத வைப்ப. எனக்கு மட்டும் மூலை வீடு!"

"வேணாம்னா சொல்லு, நாளைக்கே வேற..." என்று ஆரம்பித்தாள். படிக்கட்டு கண்ணில் வந்து பேச்சு நின்றுவிட்டது.

"காலையில சொல்றேன்," என்று தங்கை ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு தன் அறைக்குப் போனாள். சாப்பாட்டைத் தொட்டும் தொடாமலும் ஒதுக்கினாள். அன்று இருவரும் தூங்கவில்லை, தூங்குவதாகக் காட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் கறையக்காவின் கை தன் வழக்கப்படி வாளியை நிரப்பிக்கொண்டது. தங்கையின் கட்டில் காலி. பின்னறைக் கதவு திறந்திருந்தது. ஜன்னலோரப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். காலடியில், வெளுத்த வளையத்தின் நடுவே, மூக்குக்கண்ணாடிக் கூட்டின் அடியில் ஒரு கடைச்சீட்டு.

பொருள்: தரை. கறை: ரத்தம், சந்தேகம். வயது: நாலு வருஷம். குறிப்பு: இதற்கு மேல் வேண்டாம்.

கீழே, வாடிக்கையாளர் கையெழுத்து போடும் இடத்தில், இடது கையின் கோணல் எழுத்தில் தங்கையின் பெயர்.

கறையக்கா இரண்டு முறை படித்தாள். வாளியை எடுத்துப்போய்ப் பச்சைத் தண்ணீரைக் கொல்லையில் கொட்டினாள். அடுப்பைப் பற்றவைத்தாள். சிறிய பாத்திரத்தில் வெந்நீர் விளாவி, முழங்கையை நனைத்துச் சூடு பார்த்து, பின்னறைக்குக் கொண்டுவந்தாள். வளையத்தின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தங்கையின் மூடிய கையைத் தண்ணீருக்குள் வைத்து, ஊறும்வரை பொறுத்திருந்து, சுண்டுவிரலிலிருந்து பிரிக்கத் தொடங்கினாள்.