நிமிடத்துக்குப் பதினான்கு சொட்டு

ரத்தத்தில் உப்புச்சத்து குறைந்து என் மனைவி பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தாள். அவளுக்குத் தண்ணீர் தரக்கூடாது என்று உத்தரவு. உப்பு டிரிப் நிமிடத்துக்குப் பதினான்கு சொட்டு, எண்ணிக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் வேகமா விடுங்களேன், சிஸ்டர்."

நரைத்த கொண்டை போட்ட, மர்பி டவுன் பகுதியைச் சேர்ந்த நர்ஸ் மறுத்தார். "ஆகாது அங்கிள். தண்ணி பூந்து மூளை செல்லு உப்பிடுச்சு. தன் தோலு இழுபடுறது தெரிஞ்சதும் செல்லே சின்னச் சின்ன வாசலத் திறந்து உப்ப வெளிய தள்ளும், தண்ணியும் பின்னாடியே போயிடும். இப்ப நாம அவசரமா உப்ப ஏத்தினா செல்லு சுருங்கிப்போயிடும்."

"எத்தனை வாசல்?"

"அதையுமா எண்ணுவீங்க?"

"ஒரு வாய் தண்ணி," என்றாள் மனைவி. நர்ஸ் ஈரப் பஞ்சால் அவள் உதட்டைத் துடைத்தார். பிறகு தன் தண்ணீர் பாட்டிலோடு வெளியே போய்க் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு முறையும் அப்படித்தான்.

காலையிலிருந்து மனைவியின் எதிரிலேயே நான் மூன்று முறை குடித்திருந்தேன்.