பசை போடாத நாற்காலி

புதிதாக யாரைப் பார்த்தாலும் அவர் கண் முதலில் முழங்காலுக்குத்தான் போகும். முகம் அப்புறம். தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை எத்தனை விரற்கடை என்ற கணக்கு மனசுக்குள் ஓடி முடிந்துவிடும். "என்னை முதமுதல்ல பாத்தப்பவும் அப்படித்தான். மூஞ்சி எப்படி இருக்கும்னு ஒரு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சிருக்கும்" என்று அவர் மனைவி சிரிப்பார். ஆளுநர் மாளிகையில் சமையல்காரர் முதல் காவலாளி வரை எல்லாருக்கும் அவர் 'முழங்கால் அண்ணன்'. தச்சு வேலை. மாளிகையின் கதவு, ஜன்னல், கட்டில் எல்லாம் அவர் பொறுப்புத்தான். ஆனால் உயிரை வைத்திருப்பது பதவியேற்பு மண்டபத்து நாற்காலி ஒன்றின் மேல்.

அந்த நாற்காலியின் கால்களைக் குனிந்து பார்த்தால் வளையம் வளையமாகத் தெரியும். மேலே கறுத்து மினுங்குகிற பகுதி, கடல் கடந்த அரசர் அனுப்பிவைத்த துரைகளின் காலத்தது. அவர்கள் பாதம் தரையில் படக் கூடாதாம். கால் வைக்கத் தனியாக ஒரு மணை இருந்ததாம். நாடு சொந்தக் கைக்கு வந்தபின் வந்த முதல் ஆளுநர், மணையைத் தூக்கி வெளியே போடச் சொல்லிவிட்டு, நாற்காலிக் காலிலும் நாலு விரற்கடை அறுக்கச் சொன்னார். அறுத்த இடம் கொஞ்சம் கோணல். அவசரமான நாள் போலிருக்கிறது. பிறகு பட்டாளத்துக்காரர்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். அவர்களில் முதலாமவர், வந்த அன்றைக்கே நாலு விரலையும் திரும்பச் சேர்க்கச் சொன்னார். அகப்பட்டது துப்பாக்கிப் பெட்டிப் பலகைதான். வெளிறிய மரம், இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்கப்புறம் வாக்குச் சீட்டுக் காலம். ஒருவர் ஏற்றுவார், அடுத்தவர் இறக்குவார்.

"புஸ்தகத்துல எல்லாரும் பெரிய மனுஷங்கதான். யாரு நெஜமா எவ்வளவு உசரம்னு இந்தக் காலுக்குத்தான் தெரியும்" என்பார். ஆனால் யாரையும் ஏசமாட்டார். குட்டையான ஒருவர் மூன்று முறை உயரம் கூட்டியதைச் சொல்லும்போதுகூட, "பாவம், அவருக்கு அது ஒரு ஆசை" என்பதோடு சரி.

அவர் வேலையில் ஒரு பிடிவாதம் உண்டு. கட்டைகளை மர முளை அடித்துத்தான் பொருத்துவார், பசையைத் தொடமாட்டார். மாளிகை மேலாளர் எத்தனையோ தடவை கத்திப் பார்த்துவிட்டார். "ஒட்டிட்டா அடுத்தவரு வரும்போது எப்படி சார் கழட்டுறது? மேல இருக்கிறவன் ஒருத்தன்தான் எழுந்திரிக்காம உக்காந்திருக்கான்" என்று சொல்லிவிட்டு உளியைத் தீட்டப் போய்விடுவார்.

இந்தத் தடவை வருவது ஒரு பெண்மணி. அந்த மாகாணத்துக்கு முதல் பெண் ஆளுநர். நேரே விழாவுக்கே வருகிறார் என்பதால் முன்னதாக அளவு பார்க்க வழியில்லை. வெள்ள நிவாரணத்தின்போது, போன ஆளுநருடன் அந்த அம்மா நின்ற படம் ஒன்று செய்தித்தாளில் வந்திருந்தது. இடுப்புக்கு மேல்தான் படம். இருவரும் தோளுக்குத் தோள் சரியாக இருந்தார்கள். முன்னவர் அளவே போதும் என்று முழங்கால் அண்ணன் நாற்காலியைத் தொடவில்லை.

"உக்காரும்போது ஏதாச்சும் ஒண்ணு ஆச்சு, இந்த மரக்கட்டை கொட்டகைக்குப் போயிடும். சொல்லிட்டேன்" என்றார் மேலாளர். கடையில் வாங்கிய புது நாற்காலி, உருளைச் சக்கரங்களோடு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் வராந்தாவில் காத்திருந்தது.

விழாவுக்கு அரைமணி முன்பு அந்த அம்மா வந்து உட்கார்ந்து பார்த்தார். மெல்லிய செருப்பு. பாதம் தரைக்கு இரண்டு விரற்கடை மேலே தொங்கியது.

"நான் அப்பவே சொன்னேன்" என்று மேலாளர் வராந்தாப் பக்கம் திரும்பினார்.

முழங்கால் அண்ணன் முன்னால் வந்து நின்றார். "தப்பு என்னுதுதாம்மா. முன்னவரு தடிச்ச அடி வச்ச செருப்புதான் போடுவாரு. அதுக்குன்னே ரெண்டு விரல் கட்டை போட்டேன். பேப்பர்ல நீங்க ரெண்டு பேரும் ஒரே உசரமா நின்ன படத்துலயும் அதைப் போட்டுருப்பாருன்னு நெனச்சிட்டேன். வெள்ளத்துல நிக்கிறவரு செருப்பைக் கழட்டியிருப்பாருன்னு தோணாம போச்சு."

அந்த அம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "ஆமா, கையிலதான் வச்சிருந்தாரு. இப்ப இதைச் சரிபண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

"அஞ்சு நிமிஷம்மா. பசை போடல, தட்டினா வந்துரும்."

"கவர்னர் நாற்காலிக்குப் பசை போடலையா?" என்று கூட வந்த அதிகாரி அதட்டினார். மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏன் போடல?" என்று அந்த அம்மாவே கேட்டார்.

மேலாளரிடம் எத்தனையோ தடவை சொன்ன பதில். இவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டார். "அடுத்து வர்றவங்களுக்குக் கழட்டணுமேம்மா."

அந்த அம்மா எழுந்து, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, நாற்காலிக் காலின் அருகே குனிந்து வளையங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "தட்டுங்க" என்றார்.

முழங்கால் அண்ணன் நாற்காலியைச் சாய்த்து, கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலால் நாலு கால்களிலும் தட்டினார். நாலு கட்டைகள் கையோடு வந்தன. அந்த அம்மா மறுபடி உட்கார்ந்தார். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. மேலாளர் அண்ணன் காதருகே, "இப்பவாவது பசை போட்டுத் தொலைய்யா" என்று சீறினார்.

"வேணாம் சார்" என்றார் அந்த அம்மா. "எனக்கு அஞ்சு வருஷம்தான். அந்தப் புது நாற்காலியை உங்க அறையிலேயே போட்டுக்கங்க."

விழா முடிந்து கூட்டம் கலைந்ததும் முழங்கால் அண்ணன் நாற்காலிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். இருக்கையின் அடிப்பலகையில், முன்னவர்களின் அளவுகளுக்குக் கீழே, பென்சிலால் புதிதாக ஒரு கோடு போட்டார். பிறகு அதற்குக் கீழே இன்னும் எத்தனை கோட்டுக்கு இடம் இருக்கிறது என்று விரலை வைத்து அளக்கத் தொடங்கினார்.