சாச்சாவின் கணினி பேசாமல் போன வெள்ளிக்கிழமை

எங்கள் வீட்டில் எல்லோரையும்விட அதிகம் பேசியது சாச்சாவின் கணினிதான். சாச்சா என்றால் வாப்பாவின் தம்பி. பள்ளிக்கூடம் முடிப்பதற்கு முன்பே அவருடைய பார்வை மெல்ல மெல்ல மங்கத் தொடங்கி, நான் பிறந்த நேரத்தில் முழுதாகப் போய்விட்டிருந்தது. பிறகு கொழும்பில் தங்கி, கண் தெரியாதவர்கள் கணினி பழகும் ஒரு வகுப்பில் படித்தார். திரும்பி வரும்போது, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஒரு புரோகிராமையும் கொண்டுவந்தார்.

அது ஆங்கிலத்தை மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும். தமிழையும் வாசிக்கும், ஆனால் நேற்றுத்தான் கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்காரர் வாசிப்பது போலிருக்கும். நாங்கள் சிரிப்போம். சாச்சாவுக்கு அது சிரிப்புக்குரிய விஷயமல்ல. கொழும்பிலுள்ள ஓர் அலுவலகம் கூட்டங்களின் ஒலிப்பதிவுகளை அனுப்பும். அவர் ஒரு காதில் அதைக் கேட்டு, மறு காதில் இந்தக் குரலைக் கேட்டு, எழுத்துப் பிழையில்லாமல் தட்டி அனுப்புவார். தினமும் விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்து கணினியைத் திறப்பார். விசைப்பலகையில் கொடி போட்ட விசையை அழுத்தி மெனுவைத் திறப்பார், கீழே இறங்கும் விசையைத் தட்டிக்கொண்டு போவார், ஓரிடத்தில் நின்று ‘என்டரை’ அழுத்துவார். குரல் எழும்பிவிடும். அந்த மெனுவில் எது எந்த வரியில் இருக்கிறதென்பது அவர் விரல்களுக்கு மனப்பாடம்.

அந்த வெள்ளிக்கிழமை குரல் எழும்பவில்லை.

வேறு எந்த நாளாக இருந்தாலும் பெரிய விஷயமில்லை. ஆனால் அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கனமூலையிலிருந்து சாச்சாவைப் பெண் வீட்டார் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முன் இரண்டு இடங்களில் பேச்சு எடுத்து, “பொடியன் நல்ல பொடியன்தான், ஆனா...” என்று நின்று போயிருந்தது. அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு என்ன வருமென்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இந்த முறை பெண்ணின் வாப்பா, கனமூலையில் தென்னந்தோட்டம் வைத்திருந்த ஒரு ஹாஜியார், ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்: மாப்பிள்ளை கணினியில் வேலை செய்கிறார் என்கிறீர்களே, அதைக் கண்ணால் பார்க்கலாமா?

வாப்பா மதுரங்குளியில் கடையில் இருந்தார். நானா, அதாவது என் அண்ணன், புத்தளத்தில் டியூசன் வகுப்பில். அவனுடைய போன் வேலை செய்யவில்லை. உம்மா அந்த இயந்திரத்தைத் தூசி துடைக்கத் தவிர வேறெதற்கும் தொட்டதில்லை. எங்கள் வீடு கற்பிட்டி வீதியில் உப்பளங்களுக்குப் பக்கத்தில் இருந்ததால், வீட்டில் எது பழுதானாலும் உம்மாவிடம் ஒரே காரணம்தான் உண்டு.

“உப்புக் காத்து. அதுதான் உள்ளுக்குப் போய்த் தின்டிரிக்கும்” என்றார் குசினியில் சமைத்துக்கொண்டே.

“உப்புக் காத்து நேத்தும்தானே அடிச்சது, மதினி” என்ற சாச்சா, என்னைக் கூப்பிட்டார். “மகள், கொஞ்சம் வாங்க. இன்டைக்கு எனக்கு உங்கட கண் வேணும்.”

நான் அப்போது நாலாம் வகுப்பு. அப்படியொரு மரியாதை எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. கதிரையை இழுத்துப்போட்டு, அவர் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முதலில் ஸ்பீக்கரைப் பார்த்தோம். வயரின் நுனியை விரலால் தொட்டார். ‘உர்’ என்று உறுமியது. அதில் பழுதில்லை. கணினியை நிறுத்தித் திரும்பவும் திறந்தார். கொடி விசையை அழுத்தினார்.

“இப்ப என்ன தெரியுது?”

“கடல். ஒரு தென்னமரம்.”

“அது படம், மகள். இடப் பக்கத்தில நீளமா ஒரு பட்டியல் வந்ததா?”

“ஓம்.”

கீழே இறங்கினார். நீலக் கோடொன்று வரி வரியாக அவர் விரலோடு இறங்கியது. சரியான இடத்தில் நின்றது. என்டர். காத்திருந்தார். குரல் இல்லை. திரும்பவும் என்டர். இல்லை. மீண்டும் கொடி விசை, மீண்டும் இறக்கம், மீண்டும் என்டர். இப்படியே வெகுநேரம் போனது. அவர் நெற்றியில் வியர்வை பூத்தது. சலிப்போடு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“இந்தப் பெட்டி இப்ப போகாம நிக்குது, சாச்சா” என்றேன்.

“என்ன பெட்டி?”

“சின்னப் பெட்டி. உள்ளுக்கு எழுத்து இரிக்கி. நீங்க ஒருக்காத் தட்டினா வரும். மத்தத் தடவ தட்டினாப் போயிடும்.”

மற்றச் சத்தங்கள் வேலைக்கு இடைஞ்சலென்று சாச்சா கணினியின் மணியோசைகளையெல்லாம் நிறுத்தி வைத்திருந்தார். அதனால் அது பெட்டி பெட்டியாகக் காரணம் சொல்லிக்கொண்டிருந்ததும், அவர் ஒவ்வொரு முறையும் அதன் வாயை மூடிக்கொண்டிருந்ததும் அவருக்குத் தெரியவில்லை.

“அத ஏன் மகள் இவ்வளவு நேரமும் சொல்லல்ல?”

“நீங்க கேக்கல்லியே.”

அவர் சிரித்தார். காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தார். “சரி, வாசிங்க பாப்பம்.”

வாசிப்பதுதான் சங்கடமாகிவிட்டது. எனக்கு ஆங்கிலத்தில் எழுத்துக்கள் தெரியும். அவை சேர்ந்து நின்றால் தெரியாது. “டி... எச்... ஈ...” என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, சாச்சா மனதுக்குள் கோத்துக்கொண்டு போனார். சின்ன எழுத்தில் ‘பி’யும் ‘டி’யும் எந்தப் பக்கம் பார்த்து நிற்குமென்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அதனால் நாங்கள் பல தடவை திரும்பி வந்தோம். சாச்சா பள்ளிவாசலுக்கு ஜும்ஆவுக்குப் போய்வந்து, சோறு தின்றதும், மறுபடியும் உட்கார்ந்தோம். இரண்டாவது வரியைத் தொடங்கிய நேரம் வாசல் படலைக்கு முன்னால் வான் ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அஸருக்குப் பிறகு வருவதாகச் சொன்னவர்கள் அதற்கு முன்பே வந்துவிட்டார்கள்.

உம்மா பதறிக்கொண்டு ஓடிவந்தார். “அல்லாவே, இன்னும் வீட்டுச் சாரத்தோடையா இரிக்கிறீங்க? அத மூடிப்போட்டு எழும்புங்க. கேட்டா இன்னொரு நாளைக்குக் காட்டலாம் என்டு சொல்லுவம்.”

“இன்னொரு நாள் வரமாட்டாங்க, மதினி” என்றார் சாச்சா. பிறகு என் பக்கம் திரும்பி, “மகள், அந்தப் பெட்டி போகாமப் பாத்துக்கங்க. ஒண்டையும் தொடாதீங்க” என்றார்.

நான் இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே வைத்துக்கொண்டு, கண் இமைத்தால்கூடப் பெட்டி போய்விடுமோ என்ற பயத்தில் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் நடந்தது எல்லாம் திரைச்சீலை வழியாகக் கேட்டது. ஹாஜியாரும் மனைவியும் வந்திருந்தார்கள். மகளும் வந்திருந்தாள். பெண்ணே மாப்பிள்ளை வீட்டுக்கு வருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அதை மறைக்கவும் முடியாமல் ஹாஜியாரின் மனைவி சொன்னார்:

“எவ்வளவு சொல்லியும் கேக்கல்ல. ‘அவருக்கு வந்து என்னப் பாக்க ஏலாதுதானே, அப்ப நான்தானே போய்ப் பாக்கணும்’ என்கிறா.”

யாரும் சிரிக்கவில்லை. பிறகு சாச்சா மட்டும் சிரித்தார்.

தேத்தண்ணி வந்தது. ஊர்க் கதைகள் வந்தன. ஹாஜியார் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: “தம்பி கொம்பியூட்டர்ல வேல என்டாங்க. எப்படிச் செய்யிறீங்க? பாக்க ஏலுமா?”

உம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சாச்சா முந்திக்கொண்டார்.

“இன்டைக்கு ஏலாது, ஹாஜியார். அது எனக்கு வாசிச்சுச் சொல்லணும். காலைலேந்து வாய் திறக்கல்ல.”

“பரவாயில்ல தம்பி, பரவாயில்ல” என்றார் ஹாஜியார். “எல்லாம் அல்லாட நாட்டம்.” மையித்து வீட்டில், சாவு விசாரிக்க வந்தவர்கள் பேசும் குரல் அது. அந்தக் குரல் எங்கள் வீட்டுக்குப் பழக்கமானதுதான். கோப்பைகள் தட்டில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. இனி எழும்பிவிடுவார்கள் என்று எனக்கே தெரிந்தது.

“தட்டினா என்ன வருது?” என்று கேட்டது, அதுவரை கேட்காத ஒரு குரல்.

“ஒரு பெட்டி வருதாம்” என்றார் சாச்சா. “இங்கிலீசில என்னவோ எழுதியிரிக்கி. உள்ளுக்கு மகள் காவல் இரிக்கா.”

திரைச்சீலை விலகியது. நீல முக்காடு போட்ட ஒரு ராத்தா உள்ளே வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்றாள். ராத்தா என்று வயதில் மூத்த பெண்களைச் சொல்வோம். அவளுக்குப் பின்னால் அவளுடைய உம்மா, என் உம்மா, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சாச்சா. ராத்தா பெட்டியை ஒரே மூச்சில் வாசித்தாள். பிறகு தமிழில் சொன்னாள்:

“இது காட்டுற சாமான் மாறியிரிக்கி, இல்லாட்டி வேற இடத்துக்குப் போயிட்டுது. அதால இது இனி வேல செய்யாதாம்.”

“வேற இடத்துக்கு என்டா போட்டிரிக்கி?” சாச்சாவின் குரல் உயர்ந்தது. “அப்ப அழியல்ல. மெனுவில இரிக்கிறது வெறும் விலாசம்தான். ஆள் வீடு மாறியிட்டார். பழைய விலாசத்துக்குப் போய்த் தட்டினா எப்படித் திறப்பார்?”

“அப்ப ஆளத் தேடுவம்” என்றாள் ராத்தா.

என்னை எழும்பச் சொன்னார்கள். நான் காத்து வைத்திருந்த பெட்டியை அவள் சட்டென்று மூடிவிட்டாள். எனக்குக் கண்ணீர் முட்டியது. சாச்சா எங்கே போகவேண்டுமென்று சொல்ல, அவள் மௌசை நகர்த்தி அங்கே போனாள். பழைய இடத்தில் இல்லை. தேடும் கட்டத்தில் பெயரை எழுதச் சொன்னார். எழுதினாள். கடைசியில், ‘பழசு’ என்று பெயரிட்ட ஒரு கோப்புறைக்குள் அது கிடந்தது. முதல் நாள் இரவு, தன் கார் ஓட்டும் விளையாட்டுக்கு இடம் போதாதென்று நினைத்து, நானா வீட்டைத் துப்புரவாக்குவது போல் எல்லாவற்றையும் அங்கே அள்ளிப் போட்டிருக்கிறான். அதற்காகப் பிறகு வாப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு கதை.

ராத்தா இரண்டு தரம் தட்டினாள். குரல் எழும்பியது.

உம்மா “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். முன்னறையிலிருந்து ஹாஜியாரும் வந்துவிட்டார். சாச்சா கதிரையில் உட்கார்ந்து, “ஏதாவது சொல்லுங்க, ஹாஜியார்” என்றார்.

ஹாஜியார் யோசித்து, “இந்த வருஷம் தேங்கா நல்ல காய்ப்பு” என்றார்.

சாச்சாவின் விரல்கள் ஓடின. கணினி அதைத் தன் வெள்ளைக்காரத் தமிழில் திருப்பிச் சொன்னது. ஹாஜியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். திரையை நோக்கிக் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். “ஒரு பிழை இல்லையே” என்று மெதுவாகச் சொன்னார். அது மையித்து வீட்டுக் குரல் இல்லை.

மற்றவர்கள் வட்டிலாப்பம் தின்ன முன்னறைக்குப் போனார்கள். மெனுவிலிருந்த பழைய விலாசத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் போடும் வேலை மிச்சமிருந்தது. திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டிவிட்டு, ராத்தா நின்றபடியே சாச்சாவுக்கு அதைச் செய்து கொடுத்தாள். அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவளை நான் சாச்சி என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன். ஆனால் அன்று எனக்கு அவள்மீது கோபம்தான். என் கதிரையைப் பறித்தவள். அதனால் நான் போகாமல் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்தது. சாச்சா கொடி விசையை அழுத்தி, இறங்கி, என்டரைத் தட்டிப் பார்த்தார். குரல் உடனே பேசியது. எல்லாம் சரி. அப்போது சாச்சா ஏதோ இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினார். குரல் நின்றுபோயிற்று.

“மெனுவில மத்ததெல்லாம் ஒழுங்கா இரிக்கா என்டு தெரியல்ல” என்றார். “மேலேந்து ஒருக்கா வாசிக்கிறீங்களா?”

ராத்தா வாசிக்கத் தொடங்கினாள். அவசரமில்லாமல், ஒவ்வொரு பெயராக.

நான் குசினிக்கு ஓடினேன். “உம்மா, திரும்பவும் பழுதாகிட்டுது!”

உம்மா கையைத் துடைத்துக்கொண்டு விரைந்து வந்தார். கதவடியில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

“பழுதில்ல. நீ வா.”

நான் போகவில்லை. உள்ளே ராத்தா, “கால்குலேட்டர்” என்று வாசித்தாள்.

“அதுக்குக் கீழ?” என்று கேட்டார் சாச்சா.

தினமும் அந்தக் குரல் சொல்லிக் கேட்டு, அதற்குக் கீழே என்ன இருக்கிறதென்பது எனக்கே தெரியும். சாச்சாவுக்கு எப்படி மறந்துபோனது என்றுதான் அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.